பானையில் இருந்த பொட்டு மீன்கள்

பொன்னேரிப் பக்கம் ஆற்றங்கரையில் பிறந்த நான், உப்பு ஏரி நடுவே இருக்கும் இந்தத் தீவுக்கு வாழ்க்கைப்பட்டேன். சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு மடக்கு கிடையாது. கிணறும் உப்பு. குடிதண்ணீர் கேனில் படகேறி வர வேண்டும்.

போன கோடையில் எங்கள் ஆற்றின் கடைசி மடுவும் வற்றப் போகிறது என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஒரு குடத்தில் பொட்டு மீன்களை அள்ளி வந்து பானையில் விட்டேன். சுண்டுவிரல் நீளம்கூட இராது, வாலடியில் ஒரு கறுப்புப் பொட்டு. இது வேறெந்த ஆற்றிலும் கிடையாது என்று கல்லூரியிலிருந்து வந்தவர்கள் ஒருமுறை சொல்லியிருந்தார்கள். மடு காய்ந்தே போனது. என் பானையில் இருப்பதுதான் மிச்சமோ என்று தினமும் எட்டிப் பார்த்து எண்ணுவேன். கேன் தண்ணீர் ஊற்றித்தான் வளர்த்தேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

"கொழம்புக்குக்கூட ஒதவாது. இதுக்கு கேன் தண்ணி ஒரு கேடா?"

"உன் பீடிக்கு இது தேவலாம்" என்பேன்.

இந்தச் சித்திரையில் காற்று விடாமல் அடித்தது. ஒரு படகும் இறங்கவில்லை. ஊரே காலிக் கேனைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்தபோது அவருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. கண் குழி விழுந்துவிட்டது. கிணற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் கொடுத்தேன். குடித்த கையோடு வாந்தி எடுத்தார். சொம்போடு வீடு வீடாக ஏறி இறங்கினேன்.

"எங்க புள்ளிங்களுக்கே இல்லக்கா, இன்னா பண்றது" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. அவள் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

வந்து பானை முன்னால் உட்கார்ந்தேன். தெரிந்த சாமியையெல்லாம் திட்டினேன். இரை போட வந்திருக்கிறேன் என்று மீன்கள் மேலே வந்தன. பாவிகளா, இப்போதுதானா வர வேண்டும்?

பல நாளாகப் புதுத் தண்ணீர் ஊற்றாத பானையில் ஒரு சொம்புதான் தேறியது. அதில் யாருக்குப் பங்கு வைப்பது? துணியில் வடித்தேன். துள்ளியவற்றைக் கிணற்றில் கொட்டினேன். உப்பில் பிழைக்காது என்று தெரிந்தேதான் கொட்டினேன். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றினேன்.

அவர் தலையை மடியில் ஏந்திப் புகட்டினேன். மடக் மடக்கென்று குடித்தார். அடியில் கொஞ்சம் இருக்கும்போதே டம்ளரைத் தள்ளினார்.

"போதும். மீதிய மீனுங்களுக்கு ஊத்து. பாவம், அதுங்களும் காயுது."

அவர் பானைப் பக்கம் திரும்புவதற்குள் டம்ளரை மறுபடியும் அவர் வாயில் வைத்தேன்.