படகின் அடியில் ஒரு துவாரம்

மூன்று சம்பாப் பருவத்துக்கு முன்னால், முத்துப்பேட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது.

எங்கள் வீடு கோரையாற்றுக்கு இந்தக் கரை. நிலம் அந்தக் கரை. நடுவில் இருந்த மரப்பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. பிறகு ரோட்டுப் பாலம் வழியாகச் சுற்றித்தான் போக வேண்டும். நடவுக்கு ஆள் கூப்பிட்டால், "அவ்வளவு தூரம் யாரு வருவா?" என்றார்கள். ஒரு வருஷம் தரிசாகப் போட்டேன். உறுத்தலாக இருந்தது.

முத்துப்பேட்டையில் ஒரு தம்பி வெளிநாடு போகிறார், படகை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ஃபைபர் படகு, என்ஜினும் சேர்த்து. நீலம் வெளுத்துச் சாம்பலாகிக் கிடந்தது. தொட்டால் கையில் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது.

"வெயில் குடிச்ச மேல்பூச்சுதாண்ணே. உடம்பு கெட்டி. தேச்சா நீலம் வந்துடும். பின்னாடி அடியில ஒரு துவாரம் இருக்கு, அத மட்டும் பாத்துக்குங்க" என்றார் அந்தத் தம்பி.

குறையை மறைக்காமல் சொல்கிறாரே என்று நினைத்தேன். வாங்கிவிட்டேன்.

டிராக்டரில் கொண்டுவந்து வாசலில் கவிழ்த்துப் போட்டேன். என் மனைவி தண்ணீர் ஊற்ற, நான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். எதிர்வீட்டுக்காரர் நின்று பார்ப்பார். "என்னண்ணே, மாட்டக் குளிப்பாட்டுற மாதிரி தேய்க்கிறீங்க. பால் கறக்குமா?"

"கறந்தா உங்களுக்கும் ஒரு சொம்பு அனுப்புறேன்" என்பாள் என் மனைவி.

வெள்ளை மாவு கரைந்து ஓட ஓட, அடியிலிருந்து நீலம் வந்தது. வந்த இடத்தையெல்லாம் அவள் முந்தானையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

அந்தத் துவாரமும் இருந்தது. கட்டைவிரல் நுழையும். மரத் தக்கை ஒன்று அதில் மக்கிப்போய் இருந்தது. பிடுங்கி எறிந்தேன். வயல்காரனுக்கு ஓட்டையைப் பார்த்தால் பொறுக்காது. வரப்பில் நண்டு வளை இருந்தால் அடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவோம். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய சுவர்ப் புட்டி மாவு இருந்தது. அதைக் குழைத்து அடைத்து, மட்டம் தட்டி, மேலே நீலப் பெயிண்ட் அடித்தேன். தடவினால்கூடத் தெரியவில்லை. எனக்குப் பெருமைதான்.

ஆற்றில் இறக்கி, தனியாக இரண்டு நடை போய்வந்தேன். ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் நடவு. திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். நாற்றுமுடிகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நடு ஆறு வந்தபோது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா காலைத் தூக்கிப் பார்த்தார்.

"என்னங்க, கீழ தண்ணி வருது."

"ஆத்துல தண்ணி வராம பாலா வரும்?" என்றார் முன்னால் இருந்த ஒருத்தர். எல்லோரும் சிரித்தார்கள்.

நான் குனிந்து பார்த்தேன். நான் அடைத்த இடம். புட்டி ஊறிக் கூழாகி, பாதி போயிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மீதியும் கழன்றது. தண்ணீர் பீறிட்டு வந்தது. ஏற்றியிருந்த பாரத்தில் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. அவர்களில் யாருக்கும் நீச்சல் தெரியாது. எனக்குக் கொஞ்சம் தெரியும். அது என்னை மட்டும்தான் காப்பாற்றும்.

அந்த அம்மா ஒரு நாற்றுமுடியை எடுத்தார். வேரும் சேறுமாக முறுக்கினார். துவாரத்தில் திணித்து, மேலே குதிகாலை வைத்து அழுத்திக்கொண்டார்.

"மடை ஒடஞ்சா கால வச்சு நிக்கமாட்டமா? நீங்க மோட்டாரப் பாருங்க" என்றார்.

மற்றவர்கள் தூக்குச்சட்டியால் தண்ணீரை மொண்டு கொட்டினார்கள்.

"சோத்துச் சட்டியில மொண்டா மத்தியானம் எதுலடி திங்கிறது?"

"மொதல்ல மத்தியானம் வரட்டும்டி!"

கரை சேர்ந்தோம். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இறங்கி, சேலையைப் பிழிந்து சொருகிக்கொண்டு வயலுக்குப் போனார்கள்.

படகை விற்ற தம்பிக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "புட்டி சுவத்துக்குண்ணே! அது ஓட்டை இல்ல. படகைக் கரையேத்தினா உள்ள நிக்கிற தண்ணி வடியிறதுக்கு விட்ட வழி. பாத்துக்குங்கன்னா, எறக்கும்போது தக்கை சரியா இருக்கான்னு பாத்துக்குங்கன்னு அர்த்தம்" என்றார். ஒரு குச்சியைச் சீவித் துணி சுற்றி அடிக்கச் சொன்னார். பூவரசங் கிளை ஒன்றை வெட்டிச் சீவினேன். என் துண்டைக் கிழித்துச் சுற்றி அடித்து இறக்கினேன்.

சாயங்காலம் அவர்கள் கரையில் வந்து நின்றார்கள். ஏறவில்லை. "நாங்க பாலத்து வழியா நடந்தே போயிக்கிறோம்" என்றார் ஒருத்தர். வயலில் பாதிதான் நடவாகியிருந்தது. இன்று நடந்து போகிறவர்கள் நாளை வரமாட்டார்கள். வீட்டுப் பக்கக் கரையில் பறித்து வைத்த மீதி நாற்று கட்டோடு அழுகிவிடும். இன்னொரு வருஷமும் தரிசுதான். ஆனாலும் ஏறுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மா மட்டும் முன்னால் வந்தார். குனிந்து தக்கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆட்டியும் பார்த்தார். அசையவில்லை. ஏறி, காலையில் இருந்த அதே இடத்தில் உட்கார்ந்தார்.

"வாங்கடி. முங்கிப்போனா நானும்தான போவேன்" என்றார்.

ஒவ்வொருவராக ஏறினார்கள். ஆற்றைக் கடக்கும்வரை அந்த அம்மா காலடியையே பார்த்தபடி வந்தார். ஒரு சொட்டு வரவில்லை. இறங்கும்போது அவரைக் கும்பிட நினைத்தேன். கூச்சமாக இருந்தது. அதற்குள், "நாளைக்கு வெள்ளன வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டு அவர் நடந்துவிட்டார்.

வந்தார்கள். நடவு முடிந்தது. அதற்குப் பிறகு அவர் எங்கள் பக்கம் வேலைக்கு வரவில்லை. பேரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. நிலத்தின் பட்டா என் பேரில்தான் இருக்கிறது. ஆனால் அங்கே பயிர் நிற்பது, அன்று சாயங்காலம் அவர் மறுபடி ஏறி உட்கார்ந்ததால்தான் என்று ஒவ்வொரு அறுப்பிலும் நினைத்துக்கொள்கிறேன்.