டிக்கியில் ஒட்டிய எழுத்து

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. செத்துப்போன என் தங்கையின் மகனும் என் சோறு தின்றுதான் ஆளானான். ஆறு பேரில் ஒருத்தரும் பொய் சொல்லிப் பிழைக்க மாட்டார்கள் என்று போன மாதம் வரை நினைத்திருந்தேன். என் பெரிய மகன் அந்த நினைப்பில் மண்ணைப் போட்டான்.

அவன் மகளைத் திட்டக்குடிப் பக்கம் கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை வீட்டில் சீராகக் கார் கேட்டார்கள். கேட்டதே எனக்குப் பிடிக்கவில்லை. அதிலும் டாப் மாடல்தான் வேண்டுமாம். ஒரே பெயரில் வருகிற காரில் மூன்று நான்கு தரம் உண்டு என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். தூரத்தில் பார்த்தால் ஒரே வண்டி. கிட்டே போனால் விளக்கு, சக்கரம், சீட்டு, உள்ளே இருக்கிற திரை எல்லாம் தரத்துக்குத் தரம் வேறு.

"நம்மால முடிஞ்சது கீழ் மாடல். அதச் சொல்லிட்டுக் குடு" என்றேன்.

"நீ சும்மா இரும்மா. ஒனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான்.

கீழ் மாடலைத்தான் எடுத்தான். பளபளக்கிற சக்கரமும் பெரிய திரையும் வெளிக்கடையில் வாங்கி மாட்டினான். டிக்கியில் டாப் மாடலுக்கு உண்டான இங்கிலீஷ் எழுத்தை வெள்ளி நிறத்தில் ஒட்டினான். கல்யாணத்தன்று வண்டிக்குச் சந்தனம் வைத்தபோது அந்த எழுத்துக்கும் சேர்த்து வைத்தார்கள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். அது என்ன எழுத்து என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே சுரண்டிப் போட்டிருப்பேன்.

இந்த ஊர் பீங்கான் கம்பெனியில் சரக்குப் பிரித்தவள் நான். கோணல் கப்பைத் தனியாக எடுத்துவைத்து, செகண்ட்ஸ் என்று சொல்லித்தான் விற்போம். தெரிந்தே வாங்கிப் போனார்கள், அதிலும் டீதான் குடித்தார்கள். நல்ல சரக்கின் முத்திரையை அதில் யாரும் குத்தவில்லை.

போன மாதம் மாப்பிள்ளை வேப்பூரில் ஒரு லாரியின் பின்னால் உரசியதில் முன்விளக்கு உடைந்தது. மெக்கானிக் டிக்கி எழுத்தைப் பார்த்து டாப் மாடல் விளக்கை வரவழைத்தார். விளக்கு அதன் இடத்தில் சரியாக உட்கார்ந்தது. பின்னால் ஒயரைச் சொருகப் போனால் சேரவில்லை. அந்த விளக்குக்கு வேண்டிய ஒயரே இந்த வண்டியில் இல்லை. மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் நிற்கும்போதே, "இது பேஸ் மாடலுங்க. எழுத்து மட்டுந்தான் டாப்பு" என்று மெக்கானிக் சிரித்திருக்கிறார்.

சம்பந்தியம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் என் பேத்தியைக் கூடத்தில் நிறுத்தி, "வண்டியில எழுத்த ஒட்டி ஏமாத்துனீங்க. ஒம் பேருக்குப் பின்னால எம்.எஸ்சி.ன்னு போட்டுக்கிறியே, அதுவும் உங்கப்பன் ஒட்டுனதுதானா?" என்று கேட்டிருக்கிறாள்.

பேத்தி ஒற்றை விளக்கு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள்.

மகனைப் பிடித்துக் கேட்டேன்.

"ஊர்ல எல்லாரும்தான் ஒட்டுறாங்க" என்றான்.

"எல்லாரு பொண்ணுமா வந்து வூட்டுல நிக்கிது?"

எழுந்து உள்ளே போய்விட்டான். காய் நறுக்குகிற கத்தியை எடுத்துப் போய் நானே எழுத்தைச் சுரண்டினேன். பெயிண்டும் கொஞ்சம் சேர்ந்து வந்தது. வரட்டும். பிறகு கீழ் மாடல் விளக்கையே வாங்கி மாட்ட வைத்தேன். அது முதல் சொருகலிலேயே எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஆயா, எழுத்தக் காணுமே?" என்றார்.

"இல்லாத எழுத்து எதுக்குங்க? நாங்க பொய் சொன்னது தப்பு, அத ஒங்கம்மாகிட்ட நான் வந்து சொல்றேன். எம் பேத்தி படிப்பப் பத்திச் சொன்னத அவங்க வந்து திருப்பி எடுத்துக்கட்டும்."

"அம்மா வர மாட்டாங்களே, ஆயா."

உள்ளேயிருந்து பேத்தி குரல் வந்தது. "அப்ப நானும் வரலைங்க. கார் சாவி டிவி மேல இருக்குது, எடுத்துக்குங்க."

அவர் சாவியைத் தொடவில்லை. பஸ்ஸிலேயே திரும்பிப் போனார். வண்டி வாசலில் நிற்கிறது, டிக்கி மொட்டையாக.

சம்பந்தியம்மா வந்தால் கோபத்தில் எனக்குப் பேச்சு முன்பின்னாகப் போகும். அதனால்தான் நடந்ததை எழுத்துக் கூட்டி எழுதிவைத்தேன்.

இந்தாம்மா எம்.எஸ்சி., அவங்க வர்றதுக்குள்ள ஒரு தடவ நீயே படிச்சுக் காட்டு. உங்கப்பன் உள்ளதான் படுத்திருக்கான், நல்லா சத்தமாப் படி.