துறைமுகத்துக்கு வந்த லத்தீன்

வளர்ந்தவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு: யாரும் அழமாட்டார்கள். ஒரு கஷ்டமும் உண்டு. சொல்லிக் கொடுத்ததை அடுத்த நாளே வேலைத்தளத்தில் பாவித்துப் பார்த்துவிடுவார்கள்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, ஒரு இரும்புக் கடையின் மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் என் வகுப்பு நடக்கிறது. இருபது கதிரை, ஒரு கரும்பலகை, சத்தம் போடுகிற ஒரு காற்றாடி. சொற்களை ஒவ்வொன்றாகப் பாடமாக்கி யாரும் கரைசேரப் போவதில்லை என்று கண்டு, சொல்லை உடைத்துப் படிப்பிக்கத் தொடங்கினேன். ஆங்கிலச் சொற்களில் பாதிக்குமேல் லத்தீன் துண்டும் கிரேக்கத் துண்டும்தானே, இருநூறு துண்டு தெரிந்தால் இரண்டாயிரம் சொல் தெரியும் என்று வகுப்பில் பெரிதாகச் சொல்லியும் வைத்தேன். நீங்களும் யாருக்காவது எதையாவது படிப்பித்தவர் என்றால், அதன்பிறகு நடந்தவை உங்களுக்கு ஆச்சரியமாக இராது.

இன் என்றால் இல்லை

முதல் வாரமே "இன்" படிப்பித்தேன். சொல்லுக்கு முன்னால் "இன்" வந்தால் இல்லை என்று அர்த்தம். கரெக்ட், இன்கரெக்ட். விசிபிள், இன்விசிபிள். கப்பல் திருத்துகிற இடத்தில் வெல்டிங் வேலை செய்யும் ரஞ்சன் எல்லாவற்றையும் கொப்பியில் வடிவாக எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை அவருக்கு ஒரு இரும்புக் கேற்றை ஒட்டும் வேலை. பக்கத்தில் இரண்டு பீப்பாய்கள். கூட வேலை செய்தவர்கள் அவற்றை உருட்டி அப்பால் வைக்கப் போயிருக்கிறார்கள். ரஞ்சன் தடுத்துவிட்டார். பீப்பாயில் "இன்ஃப்ளேமபிள்" என்று சிவப்பு எழுத்தில் இருந்ததாம். "முன்னால இன் நிக்குது, இதில நெருப்புப் பத்தாது" என்று விளக்கமும் கொடுத்திருக்கிறார். நல்லகாலம், அந்த வழியால் வந்த போர்மன் குணசேன ஒருதரம் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு ஓடிப்போய் மின்சாரத்தை நிற்பாட்டிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ரஞ்சன் இதைச் சொன்னதும் கையிலிருந்த வெண்கட்டியைக் கீழே வைத்தேன். லத்தீனில் இரண்டு "இன்" உண்டு, ஒன்றுக்கு "இல்லை" என்று அர்த்தம், மற்றதுக்கு "உள்ளே". இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பற்றும் என்பதுதான் அர்த்தம் என்று சொல்லி, எல்லோருக்கும் முன்னால் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். குணசேன என்ன சொன்னார் என்று கேட்டேன். சிங்களவரான அவர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம்:

"தம்பி, எனக்கு இங்கிலீஷ் இல்ல. மூக்கு இருக்கு."

எந்தக் காற்று?

"ஒப்பர்ச்சூனிற்றி" என்ற சொல்லை ஆசையோடு காத்துவைத்திருந்தேன். வாய்ப்பு என்று அர்த்தம் சொல்கிற அந்தச் சொல்லுக்குள் லத்தீன் துறைமுகம் ஒன்று இருக்கிறது. துறைமுகத்தை நோக்கி வீசுகிற காற்று. பாய்மரக்காரனுக்கு அதுதான் நல்ல நேரம். ஜன்னலுக்கு வெளியே கப்பல் தெரிகிற வகுப்பில் இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? கையை வீசி வீசிப் படிப்பித்தேன்.

சிவநேசனுக்குச் சல்லி என்ற கரையோரக் கிராமம். மீன் பிடிப்பார், திமிங்கிலம் பார்க்க வெள்ளைக்காரர் வரும் மாதங்களில் அவர்களையும் படகில் ஏற்றிப் போவார். அவர் மட்டும் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார். "கடலில இருந்து கரைக்கு அடிக்கிற காத்தோ?" என்றார். ஓம் என்றேன்.

"அது வாடையெல்லோ ரீச்சர், அது அடிச்சா நாங்கள் வள்ளம் இறக்கிறேல்லை. உங்கட லத்தீன் ஆக்கள் கரைக்கு வரப் பாத்திருக்கினம், நாங்கள் கடலுக்குப் போகப் பாக்கிறம்."

அன்ரி

"அன்ரி" என்றால் எதிர், கிரேக்கம் என்றேன். ஊரில் வயதான பெண்களை அழைப்பதும் அன்ரி என்றுதானே, வகுப்பு முழுக்கச் சிரிப்பு. நான் அன்ரிபயோட்டிக், அன்ரிசெப்ரிக் என்று உதாரணம் எழுதத் தொடங்க, தம்பலகாமத்திலிருந்து வந்து பட்டணத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு காவல் உத்தியோகத்தர் எழும்பி நின்றார். அவருடைய வீட்டுக்கார அம்மா மீன் பொரிக்க விடமாட்டா, எட்டு மணிக்குப் பிறகு தண்ணீர் திறக்க விடமாட்டா, கூட்டாளிமாரை வாசலுக்குள் எடுக்கமாட்டா என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"இந்தச் சொல்லுக்கு உதாரணம் வேண்டாம் ரீச்சர், நான் ஒரு அன்ரியின்ர வீட்டிலதான் வாடகைக்கு இருக்கிறன்."

மேலேயும் கீழேயும்

ஹைப்பர் என்றால் மேலே, அளவுக்கு மிஞ்சினது. ஹைப்போ என்றால் கீழே, அளவுக்குக் குறைந்தது. இரண்டும் காதில் ஒன்றுபோலக் கேட்பதால் ஒரு உடற்பயிற்சி வைத்தேன். ஹைப்பர் என்றால் எல்லோரும் கையை மேலே தூக்க வேண்டும், ஹைப்போ என்றால் கீழே இறக்க வேண்டும். கீழே இரும்புக் கடைக்காரர் மாடியில் என்ன கூத்து என்று வந்து எட்டிப் பார்த்தார்.

கிண்ணியா ரிஸ்வானா ஒரு மருந்துக் கடையில் உதவியாளராக இருக்கிறா. ஒருநாள் மூதூர்க்காரர் ஒருவர் தைரொயிட் வருத்தத்துக்கு மருந்துத் துண்டோடு வந்திருக்கிறார். நோயாளி அட்டையில் ஹைப்போ என்று இருக்கிறது. துண்டில் எழுதியிருந்ததோ ஹைப்பருக்குக் கொடுக்கிற குளிசை. சுரக்காத சுரப்பியை இன்னும் அமத்துகிற மருந்து! ரிஸ்வானா மனதுக்குள் சரிபார்ப்பதாக நினைத்துக்கொண்டு அவருக்கு முன்னாலேயே கையை மேலே தூக்கி, கீழே இறக்கி, திரும்பவும் தூக்கியிருக்கிறா. பிறகு உள்ளே போய் மருந்தாளரிடம் காட்ட, அவர் டொக்டருக்கு அழைக்க, டொக்டர் பதறிப்போய் நன்றி சொல்லி மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். கவுண்டரில் நின்ற மனிதருக்கு இது ஒன்றும் தெரியாது.

"மகள், மேலயா கீழயா எண்டு ஒரு முடிவுக்கு வாங்க, எனக்கு பஸ் போகப்போகுது."

ரோமர்

"ட்ரி" என்றால் மூன்று. லத்தீன் "ட்ரி"யும் திரிகோணத்தில் வருகிற வடமொழித் "திரி"யும் தூரத்துச் சொந்தக்காரர் என்று போகிறபோக்கில் சொன்னேன். சிவநேசன் "ட்ரி"யைப் படகில் ஏற்றினார், சொந்தக்காரரைக் கரையிலேயே விட்டுவிட்டார். "ட்ரிங்கோமலி என்பது லத்தீன் சொல், மூன்று மூலை மலை" என்று கோணேசர் மலையைக் காட்டி அவர் விளக்க, படகில் இருந்த ஒரு நரைத்த வெள்ளைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மனிதர் முப்பது வருஷம் லத்தீன் படிப்பித்து ஓய்வுபெற்றவர். ரோமர்கள் எப்போது இங்கே வந்து ஊருக்குப் பெயர் வைத்தார்கள் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறார். சிவநேசன் என்ஜினைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சொன்ன பதிலை, மனிதர் டயறியில் எழுதிக்கொண்டாராம்:

"வந்திருப்பினம் சேர், இந்தத் துறைமுகத்துக்கு வராமல் விட்டது ஆர்?"

ஜெயந்தி உடைத்த சொல்

ஜெயந்தியின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை. கம்பனியிலிருந்து வரும் கடிதங்களைத் தானே வாசிக்க வேண்டும் என்றுதான் வகுப்புக்கு வந்தா. ஒருமுறை ஆறு நாளாகக் கணவரிடமிருந்து ரெலிபோன் இல்லை. ஏழாம் நாள் காலை, அடுப்பில் உலை கொதிக்கும்போது, கைபேசியில் கம்பனியின் இரண்டு வரி வந்தது. கப்பல் "இம்மொபிலைஸ்ட்", ஆட்கள் எல்லோரும் "டிஸெம்பார்க்ட்".

"டிஸ்" என்றதைக் கண்டதும் குசினி நிலத்தில் இருந்துவிட்டாவாம். டிஸ் என்றால் இல்லாமற்போவது என்று, டிஸப்பியரை உதாரணம் காட்டிப் படிப்பித்தவளும் நான்தான். யாரிடம் காட்டுவது என்று தெரியவில்லை. காட்டவும் பயம். பிறகு அடுப்பை நூர்த்துவிட்டு, கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் சொல்லை உடைத்து எழுதியிருக்கிறா. இம், இல்லை. மொபைல், அசைவது. அசையவில்லை, மூழ்கியது என்று ஒரு இடத்திலும் இல்லை. டிஸ், கொப்பியில் இன்னொரு அர்த்தமும் இருந்தது, விட்டு. எம், உள்ளே. பார்க், வள்ளம். உள்ளே இருந்தவர்கள் வள்ளத்தை விட்டு இறங்கிவிட்டார்கள். மூன்றுதரம் எழுதினாவாம். மூன்றுதரமும் அவர் இறங்கினார்.

மத்தியானம் அழைப்பு வந்தது. அவர் வாய் திறக்க முன்னமே, "கப்பல் ஓடாமல் நிண்டுபோச்சு, நீங்கள் எல்லாரும் இறங்கிட்டியள், அப்பிடித்தானே?" என்று இவ கேட்டிருக்கிறா. அதற்கு அவர் கேட்டதை, வகுப்பில் எழும்பி நின்று, சிரித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னா:

"உமக்கு ஆர் சொன்னது, எங்களுக்கே இன்னும் ஒருத்தரும் ஒழுங்காச் சொல்லேல்லை!"

லத்தீனும் பழைய கிரேக்கமும் செத்துப்போன மொழிகள் என்று சொல்கிறவர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வகுப்பில் அரைமணித்தியாலம் வந்து இருந்தால், அங்கே உயிரை விட்டுக்கொண்டிருப்பது மொழியா ஆசிரியையா என்று அவர்களுக்கே விளங்கிவிடும்.