கேட்டுக்கு வெளியே போன பந்து

தொண்ணூறுகளின் தொடக்கம். குவைத்தில் போர் முடிந்து வந்த இரண்டாவது குளிர்காலம். நான் ஃபஹாஹீலில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தேன். எண்ணெய்க் கிணறுகள் எரிந்தபோது கிளம்பிய கரிப்புகை அங்கிருந்த கட்டடங்களின் ஏ.சி. குழாய்களுக்குள் எல்லாம் புகுந்து, மை மாதிரி அப்பிக் கிடந்தது. அதைச் சுரண்டியெடுத்து ஃபில்டர் மாற்றுவதுதான் எங்கள் கம்பெனியின் வேலை.

அந்தச் சமயத்தில் அங்கே யாரும் யாரையும் லேசில் நம்பிவிட மாட்டார்கள். ரோட்டோரம் ஒரு டப்பா கிடந்தால் சுற்றிக்கொண்டு போவோம், கண்ணிவெடியாக இருக்குமோ என்று. வழியெல்லாம் சோதனைச் சாவடி. அடையாளக் கார்டை நீட்டினால் அதை ஒரு தடவை, நம் முகத்தை ஒரு தடவை பார்த்து, மறுபடியும் கார்டைப் பார்ப்பார்கள். எங்கள் வேன் டிரைவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். சந்தேகத்தில் அவர் போலீஸையே மிஞ்சிவிடுவார். டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் யாராவது வந்து உட்கார்ந்தால்கூட, "இவ்வளவு எடம் கெடக்கு, இவன் எதுக்குல இங்க வந்து உக்காருதான்?" என்று என் காதைக் கடிப்பார்.

எண்ணெய்க் கம்பெனி வேலைக்காக வந்திருந்த அமெரிக்கர்கள் குடியிருந்த காம்பவுண்ட் ஒன்று எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. சுற்றிலும் உயரமான சுவர், வாசலில் காவல், நடுவில் ஒரு கிளப் ஹவுஸ். வெள்ளிக்கிழமை ஓவர்டைமில் அந்தக் கிளப் ஹவுஸின் குழாய்களைச் சுத்தம் செய்யப் போனோம். குழாய்க்குள் தலையை நுழைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தபோது, மறுபக்க அறையில் ஆண்கள் பேசும் குரல் தெளிவாகக் கேட்டது. எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் பிடிபட்ட சொற்கள் இரண்டே இரண்டு. ஒன்று பாம். இன்னொன்று ஷாட்கன். யாரோ ஒருவர் மேஜையைக் குத்தி, 'அன்றைக்கே போட்டிருக்க வேண்டும்' என்கிற மாதிரி ஏதோ கத்தினார்.

கீழே இறங்கி அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியமே படவில்லை.

"நான் அப்பமே நெனச்சேன். குண்டுங்கான், துவக்குங்கான். நீ காதுல விழாத மாரி வேலையப் பாத்துட்டு வா. கேட்டம்னு தெரிஞ்சா நமக்குத்தாம்ல வெனை."

அடுத்த வெள்ளிக்கிழமையும் அதே அறை, அதே சத்தம். அன்று ஃபில்டர் மாற்ற அறைக்குள்ளேயே போக வேண்டியிருந்தது. கதவைத் தட்டினேன். உள்ளே மூன்று அமெரிக்கர்கள், ஒரு டிவி, ஒரு வி.சி.ஆர். திரையில் தலைக்கவசம் மாட்டி, தோள் புடைத்த ஆட்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். கையில் நீள உருண்டையாக ஒரு பந்து. அவர்கள் ஊர் ஃபுட்பால். காலால் உதைப்பது குறைவு, கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். நீளமாக வீசும் வீச்சுக்கு 'பாம்' என்று பெயராம். ஆட்டக்காரர்கள் நிற்கிற ஒரு வரிசைக்குப் பெயர் 'ஷாட்கன்'. இதையெல்லாம் அந்த மூவரில் வெள்ளைத்தாடி வைத்த ஒருவர் சிரித்துச் சிரித்து எனக்கு விளக்கினார். வாய் ஓயாத மனிதர். என் தோளில் தட்டி, நாற்காலியை இழுத்துப் போட்டு, கோலா கொடுத்தார்.

இன்னொருவர் நேர் எதிர். ஒட்ட வெட்டிய முடி, இறுகிய தாடை. நான் உள்ளே நுழைந்ததும் மேஜை மேலிருந்த தன் பர்ஸை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நான் ஏணியில் நின்ற நேரமெல்லாம் டிவியைப் பார்க்காமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. இந்த ஆள் என்றைக்காவது எதையாவது காணோம் என்று சொல்லி என்னை மாட்டிவிடப் போகிறான் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகளிலும் அவர்கள் ஒரே வருடத்து ஆட்டங்களைத்தான் போட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பனி கொட்டுகிற, ஆலைகள் மூடிக் கிடக்கிற ஏதோ ஒரு ஊர் அவர்களுடையது. அந்த ஊர் அணி அந்த வருடம்தான் முதல் தடவையாக அடித்து நொறுக்கிக்கொண்டு இறுதி ஆட்டம் வரை போனதாம். "அந்த மழையில் ஆடினானே, ஞாபகம் இருக்கிறதா?" என்று ஒருவர் ஆரம்பித்தால் மற்ற இருவரும் முடிப்பார்கள். முறைத்துக்கொண்டே இருக்கும் அந்த ஆள்கூட அப்போது மட்டும் சிரிப்பார்.

கடைசியாகப் போன அன்று வெள்ளைத்தாடிக்காரரிடம், இறுதி ஆட்டத்தில் ஜெயித்தீர்களா என்று கேட்டுவிட்டேன். ஒட்ட முடி வெட்டியிருந்தவர் எழுந்து வெளியே போனார். வெள்ளைத்தாடிக்காரர் பெருமூச்சு விட்டு, நான் பிரித்துப் போட்டிருந்த ஃபில்டர் அட்டைப்பெட்டியின் மூடியை எடுத்து, அதில் பேனாவால் வரைந்தார். ஒரு வரிசை பெருக்கல் குறி, எதிரே ஒரு வரிசை வட்டம், தூரத்தில் இரண்டு கம்பம். ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரே ஒரு உதை. பந்து அந்தக் கம்பங்களுக்கு நடுவே போனால் கோப்பை. போகவில்லை. வலது கம்பத்துக்கு வெளியே வளைந்து போகிற மாதிரி ஓர் அம்புக்குறி போட்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

என்னோடு ரூமில் தங்கியிருந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாமே என்று அந்த அட்டையை வேனில் எடுத்துப் போட்டேன்.

திரும்பும்போது சாயங்காலம். சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். இளவயது அதிகாரி ஒருவர் பின்கதவைத் திறந்து பெட்டிகளைப் புரட்டினார். அந்த அட்டை அவர் கையில் அகப்பட்டது. திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டார். அமெரிக்கர் காம்பவுண்ட் என்றேன். அவர் முகம் மாறியது.

"ஷினு ஹாதா?" இது என்ன என்று அரபியில் கேட்டவர், கம்பங்களின் மேல் விரலை வைத்தார். "இது எந்தக் கேட்?"

அப்போதுதான் அந்தப் படத்தை அவர் கண்ணால் பார்த்தேன். ஒரு வாசல். வாசலுக்கு முன் வரிசையாக ஆட்கள். எதிரே இன்னொரு கூட்டம். வாசலைச் சுற்றிக்கொண்டு ஓர் அம்புக்குறி.

அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் தூக்கி, "மாலூம் நஹி சாப், மாலூம் நஹி", தனக்கு எதுவும் தெரியாது என்று இந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை வேனிலேயே இருக்கச் சொல்லிவிட்டு என் கார்டை வாங்கிக்கொண்டு, என்னைச் சாவடி அறைக்கு அழைத்துப் போனார்கள். ஊரில் என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். லீவு சொல்லி வைத்திருந்தேன். கார்டைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆவேன்?

இது விளையாட்டு சார், ஃபுட்பால், என்று அரபியும் இந்தியும் கலந்து சொன்னேன். அங்கே கிடந்த காலி டின்னை உதைத்தும் காட்டினேன். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பந்து வெளியே போகிறதே. தோற்றுப் போனதை யாராவது வரைந்து வைத்துக்கொள்வார்களா?"

எனக்கே அது சந்தேகமாகத்தான் பட்டது.

அதிகாரி காம்பவுண்டுக்கு போன் போட்டார். நான் சொன்ன அடையாளத்தை வைத்துக் காவலாளி வெள்ளைத்தாடிக்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கு உயிர் வந்தது. ஆனால் பேசப் பேச அதிகாரியின் புருவம் சுருங்கியது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏ.சி. வேலைக்கு யாரோ வந்தார்கள், அவ்வளவுதான் தெரியும் என்கிறார். தான் எதுவும் வரையவில்லையாம்."

தோளில் தட்டிய மனிதர். கோலா கொடுத்தவர். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வண்டி வரச் சொன்னார்கள். அழக்கூட வரவில்லை.

ஆனால் முதலில் வந்தது வேறு வண்டி. அதிலிருந்து இறங்கியவர் அந்த ஒட்ட முடி அமெரிக்கர். தனியாக வந்திருந்தார். மிச்சம் இருப்பதையும் முடித்துவைக்க வந்துவிட்டான் என்றுதான் நினைத்தேன். அவர் என்னைத் திரும்பியும் பார்க்காமல், தன் அடையாள அட்டையை மேஜையில் வைத்துவிட்டு, அந்தப் படத்தைக் கையில் எடுத்தார்.

"இது எங்கள் ஊர் ஆட்டம். வரைந்தது என் நண்பன்; யார் கேட்டாலும் இப்படித்தான் வரைந்து காட்டுவான். அவன் உங்களோடு போனில் பேசியதைப் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். பயந்துவிட்டான்."

அதிகாரி அவரையும் விடவில்லை. அவருடைய அடையாள அட்டையின் நம்பரைச் சரிபார்த்தார். பிறகு என்னிடம் கேட்ட அதே கேள்வியை அவரிடமும் கேட்டார். தோல்வியை ஏன் வரைய வேண்டும்?

அவர் மெதுவாகச் சொன்னார். எனக்குப் புரிந்த வரையில் இதுதான்: அந்த ஆட்டம் நடந்தபோது அவர் பட்டாளத்தில் இருந்தார். சவூதி எல்லையில் ஒரு கூடாரத்தில், இந்த நாட்டுக்குள் நுழைவதற்கான உத்தரவுக்குக் காத்துக்கொண்டிருந்தார். ரேடியோவைச் சுற்றி ஊர்க்காரர்கள் கொஞ்சம் பேர். அந்த வருடம் முழுக்கப் பயத்தை மறக்க அவர்களுக்கு இருந்தது அந்த ஆட்டங்கள்தான். கடைசி உதை வெளியே போனதும் எல்லோரும் அழுதார்கள். எதற்காக அழுகிறோம் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

"ஜெயித்த ஆட்டங்களை எல்லாரும் ஞாபகம் வைத்திருப்பார்கள். எங்களுக்கு இந்தத் தோல்விதான் ஞாபகம்" என்றார்.

அதிகாரி படம் போட்ட அட்டையைத் தன் பக்கம் இழுத்து, அம்புக்குறியை உற்றுப் பார்த்தார்.

"காற்று அடித்ததா?"

"இல்லை. சும்மாவே வெளியே போனது."

அதிகாரி தலையை ஆட்டினார். அவர் சின்னப் பையனாக இருந்தபோது குவைத் அணி உலகக் கோப்பை ஆடப் போனதாம். "யாரோ ஊதிய விசிலைக் கேட்டு எங்கள் ஆட்கள் நின்றுவிட்டார்கள், எதிராளி கோல் அடித்துவிட்டான், என் அப்பா இன்னும் அதைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கிறார்" என்றார். அமெரிக்கர் சிரித்தார். மேஜை மேல் என் கார்டு கிடந்தது. பேச்சின் நடுவிலேயே அதிகாரி அதை என் பக்கம் தள்ளிவிட்டார். "யல்லா, ரூஹ்." போ என்று அர்த்தம். படம் போட்ட அட்டையை மட்டும் தரவில்லை. அவருக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லையோ, இல்லை பிடித்துவிட்டதோ, தெரியாது.

வெளியே வந்ததும் அந்த அமெரிக்கருக்குக் கும்பிடு போட்டேன். எனக்காக வந்தீர்களே சார் என்றேன். அவர் அதே இறுகிய முகத்தோடு என்னைப் பார்த்தார்.

"உன்னை எனக்குத் தெரியாது. நீ நல்லவனா கெட்டவனா என்றும் தெரியாது. ஆனால் நீ சொன்னது உண்மை என்று தெரியும்."

காரில் ஏறிப் போய்விட்டார்.

வேனில் அண்ணாச்சி, "அவன் எதுக்குல வந்தான்? இதுல அவனுக்கு என்ன லாவம்?" என்றார்.

வெள்ளைத்தாடிக்காரர் மேல் எனக்குக் கோபம் தங்கவில்லை. அந்தக் காலம் எல்லோரையும் அப்படித்தான் ஆக்கி வைத்திருந்தது. பிறகு லீவில் ஊருக்குப் போய் என் மகளைக் கையில் வாங்கியபோது எனக்கு ஞாபகம் வந்ததென்னவோ அந்த இறுகிய முகம்தான். இன்று வரை, ஒருவனைப் பற்றி என்னிடம் யாராவது விசாரித்தால், அவனைப் பிடிக்குமா, அவனோடு பழக்கமா என்று நான் யோசிப்பதில்லை. எனக்குத் தெரிந்த உண்மை எதுவோ அதை எழுந்து போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன். அதற்கு ஒருவனை நம்பியிருக்கக்கூட வேண்டியதில்லை என்பதை, என்னைக் கடைசி வரை நம்பாத ஒருவரிடமிருந்து அல்லவா தெரிந்துகொண்டேன்.