காந்தம் ஒட்டாத காண்டசா

அந்த வீடியோ என் போனுக்கு வந்தபோது நான் ஒரு காலேஜ் பெண்ணுக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் பாட்டுக்குப் பின்னால் போய் வேலிக்கருவைப் புதரில் வண்டியை ஏற்றிவிட்டாள். நான் கவனிக்கவே இல்லை. "மாஸ்டர், முள்ளுக்குள்ள போயிருச்சு" என்று அவள் அழுகிற குரலில் சொன்ன பிறகுதான் தலையைத் தூக்கினேன். திட்டக்கூட இல்லை. "பரவால்ல, இங்க பாரேன் இதை" என்று போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

காண்டசா, அந்தக் காலத்துப் பெரிய கார். எலுமிச்சை மஞ்சள் நிறம். பானெட் மேல் இரண்டு கறுப்புப் பட்டை. அகலமான டயர், தரையை ஒட்டின இருப்பு. ஒருவர் ஸ்டார்ட் பண்ணி ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதிக்கிறார். அந்தச் சத்தம் இருக்கிறதே, அடேயப்பா! நாற்பத்தெட்டு வயசுப் பொம்பளை நான், ரோட்டோரத்தில் நின்று அதைப் பதினோரு தடவை போட்டுக் கேட்டேன். ஜெகதாப்பட்டினத்தில் ஒரு விசைப்படகுக்காரரின் வண்டி, நாலு லட்சம் சொல்கிறார் என்று கீழே எழுதியிருந்தது.

புதுக்கோட்டையில் நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறேன். இரண்டு கார். யாராவது பழைய வண்டி வாங்கப் போனால் முதலில் என்னைத்தான் கூட்டிப் போவார்கள். என் கைப்பையில் துணி சுற்றின காந்தம் ஒன்று எப்போதும் கிடக்கும். வண்டியின் உடம்பு முழுக்க அதை வைத்துக்கொண்டே போவேன். தகரம் இருந்தால் ஒட்டும். துரு தின்ற ஓட்டையைப் பட்டி மாவால் அடைத்துப் பெயின்ட் அடித்திருந்தால் ஒட்டாது. வண்டி பொய் சொல்கிறதா இல்லையா என்று அங்கேயே தெரிந்துவிடும். நான் ஒரு விலை சொல்லிவிட்டால் அதற்கு மேல் இந்தப் பக்கத்தில் யாரும் பேசுவதில்லை. அந்தத் திமிரும் எனக்கு உண்டு, அதை ஒளிப்பானேன்.

மறுநாள் காலையில் முதல் பஸ். பையில் இரண்டு லட்சம், காந்தம், நாலு இட்லி. சிங்கப்பூரில் இருக்கிற வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "ஒனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்றார். "ஆமா" என்று வைத்துவிட்டேன். அறந்தாங்கி தாண்டினதும் எனக்குச் சீட்டில் உட்காரவே முடியவில்லை. கண்டக்டர் கூட, "என்னக்கா, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

துறைமுகத்தில் ஒரே மஞ்சள், நீலம், பச்சை. மீன்பிடித் தடைக்காலம் முடிய இன்னும் ஐந்தே நாள். படகுகளைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பதும், வலை கோர்ப்பதும், ஐஸ் கம்பெனி வாசலில் சண்டை போடுவதுமாக ஊரே பரபரத்தது. படகு கட்டுகிற கொட்டகைக்குள் காண்டசா நின்றது. வீடியோவில் பார்த்ததை விட நீளம். கிட்டே போய் இரண்டு தடவை சுற்றி வந்தேன்.

படகுக்காரருக்கு நாற்பது வயசு இருக்கும். கூடவே அவர் மனைவி. பேச்செல்லாம் அந்தப் பெண்தான். "வாங்கக்கா. மறைக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. தடை தொடங்குறதுக்கு முந்தி எங்க போட்டு இன்ஜின் வெடிச்சுப் போச்சு. கோட்டைப்பட்டினத்துப் பட்டறையில இன்ஜின் ரெடியா இருக்கு. மூணே முக்கால் கட்டுனாத்தான் தூக்க விடுவாக. மொத நாள் கடலுக்குப் போற போட்டுக்குத்தான் எறால் கெடைக்கும். பத்து நாள் கழிச்சுப் போனா டீசல் காசுக்குக் கூடத் தேறாது. இவரு உசுரா வச்சிருந்த வண்டி. இருந்தாலும் போட்டுதானே சோறு போடுது." புருஷன்காரர் பானெட்டைத் தடவிக்கொண்டு சும்மா நின்றார்.

வண்டியை அரிமளத்தில் ஒரு பெரிய வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த நிலையில் வாங்கினாராம். ஜப்பான் டீசல் இன்ஜின் மாற்றி, ஐந்து கியர் போட்டு, பவர் ஸ்டியரிங் வைத்து, மூன்று வருஷம் உழைத்திருக்கிறார். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்டேன். இன்ஜின் மாற்றினது முறையாக ஏறியிருந்தது. எஃப்.சி. இன்னும் நாலு வருஷத்துக்குச் செல்லும். எனக்கு உள்ளுக்குள் விசில் அடித்தது. ஆனால் முகத்தைக் கல்லு மாதிரி வைத்துக்கொண்டேன். வாங்குகிறவள் சிரித்தால் விலை ஏறிவிடும்.

அந்த நேரம் பார்த்து அறந்தாங்கிக்காரர் ஒருவர் வந்து இறங்கினார். கல்யாண ஊர்வலத்துக்குக் கார் வாடகைக்கு விடுகிறவர். அவர் மகள் என்னிடம்தான் ஓட்டப் பழகினாள். மூணே முக்காலுக்குப் பேசி முடித்துவிட்டு, அட்வான்ஸ் கொடுக்க வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும், "அட, மாஸ்டரம்மா! நல்லதாப் போச்சு. நீங்களே பாத்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அப்பறம் நான் பணத்தை எடுக்குறேன்" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்! என் காண்டசாவை என் கண் முன்னால் இன்னொருத்தர் கொண்டு போகிறார். வயிறு எரிந்தது. காந்தத்தை எடுத்தேன். பானெட்டில் ஒட்டியது. கூரையில் ஒட்டியது. கதவின் கீழ்ப்பாதியில் வைத்தேன், பொத்தென்று கீழே விழுந்தது. பக்கத்துக் கதவு, அங்கேயும் விழுந்தது. கதவுக்குக் கீழே ஓடுகிற பட்டை, உள்ளே தரை, டிக்கி என்று இடுப்புக்குக் கீழே ஒரு இடத்தில்கூடப் பிடிக்கவில்லை. விரலால் தட்டினால் டொக் டொக்கென்று செத்த சத்தம்.

"என்ன தம்பி இது?" என்றேன்.

"பைபர்க்கா" என்றார்.

"பைபராம் பைபர்! பூரா பட்டி. கீழ்ப்பாதி துருப்பிடிச்சுப் போனதை மூடி மெழுகி வச்சிருக்கீக. இதுக்கு ஒண்ணே எம்பதுக்கு மேல ஒரு ரூவா குடுக்க முடியாது." இதை நான் மெதுவாகச் சொல்லவில்லை. கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். வலை கோர்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அறந்தாங்கிக்காரர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். "நல்லவேளை மாஸ்டரம்மா, காப்பாத்துனீங்க" என்று என்னைக் கும்பிட்டுவிட்டு வண்டியேறிப் போய்விட்டார். படகுக்காரர் முகம் செத்துப் போனது. மாஸ்டரம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரே நினைத்துவிட்டார் போல. மனைவிதான், "சரிக்கா. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கங்க. மிச்சத்துக்கு எங்கிட்டாவது பெரட்டுறோம்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஆனால் ஆசை யாரை விட்டது? பையில் இரண்டு லட்சம் இருக்கிறது, காண்டசா ஒண்ணே எண்பதுக்கு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? அடியில் எவ்வளவு துரு என்று காட்டிவிட்டால் இன்னும் பத்தாயிரம் குறைக்கலாம் என்று போனது. "வண்டியைக் கொஞ்சம் தூக்குங்க, அடியைப் பாக்கணும்" என்றேன்.

படகு இன்ஜினைத் தூக்குகிற செயின் பிளாக்கைக் கொண்டு வந்து, நாலு பேர் சேர்ந்து இழுத்து, வண்டியை இடுப்பளவுக்குத் தூக்கினார்கள். கீழே மரக்கட்டைகளை அடுக்கினார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சாக்கை விரித்து, அடியில் நுழைந்தேன். போன் டார்ச்சை அடித்தேன்.

துரு இல்லை. ஒரு பொட்டுத் துரு இல்லை! இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் கனமான புது இரும்புச் சட்டம், குறுக்கே ஐந்து சட்டம், ஒவ்வொரு இணைப்பிலும் நேர்த்தியான வெல்டிங். அதற்கு மேல் படகுக்குப் போடுகிற மாதிரியே கண்ணாடி இழைப் பாய் விரித்து, ரெசின் பசை ஊற்றி, பைபர் கட்டியிருக்கிறது. சட்டத்தில் காந்தத்தை வைத்தேன். லபக்கென்று பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் வரமாட்டேன் என்கிறது.

"தம்பி! இதை யாரு பண்ணுனது?"

வெளியே இருந்து குரல் மட்டும் வந்தது. "எங்க போட்டு கட்டுற மேஸ்திரிதான்க்கா. துருப்பிடிச்சதை எல்லாம் வெட்டி எறிஞ்சுட்டு இரும்பு வச்சோம். உப்புக்காத்து இரும்பைத் திங்குமுல்ல, அதான் மேல பைபர் போட்டோம். போட்டுக்கே அதானே போடுறோம்."

"அதை அப்பவே வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?"

"பைபர்னு சொன்னேனேக்கா."

சொல்லத்தான் சொன்னார். கடலோரத்தில் பைபர் போட்டிருக்கிறது என்றால் அது பெருமை. அதற்கு மேல் விளக்கம் எதற்கு என்று நினைத்திருக்கிறார். கார்க்காரர்கள் அதைப் பட்டி என்று எடுத்துக்கொள்வார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? புதுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு தகரத்தை மட்டும் தட்டிப் பழகின எனக்குத்தான் தெரியாமல் போய்விட்டது. வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தபடியே எனக்கு வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்து பொங்கின. இப்படி ஒரு வேலையை நான் பார்த்ததே இல்லை. கம்பெனியிலிருந்து வந்தபோதுகூட இந்த வண்டி இவ்வளவு உறுதியாக இருந்திருக்காது.

வெளியே வந்து, தலையெல்லாம் மணலோடு நின்று, "மூணு எம்பது!" என்று கத்தினேன்.

படகுக்காரருக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "ஏங்க, வெளையாடுறீகளா? குறைச்சுச் சொல்லிக் கிராக்கியை விரட்டியாச்சு. இப்பக் கிண்டல் வேறயா?"

"கிண்டல் இல்லய்யா. இதுதான் இதோட விலை. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

"ஒண்ணே எம்பதுன்னு சொன்னதும் நீங்கதான்!"

"ஆமா, அந்த வாய்தான் இதையும் சொல்லுது. மூணு எம்பது. அதுக்குக் குறைச்சு யாருக்கும் குடுக்காதீக!" நான் விலையை ஏற்ற, அவர் நம்ப மறுக்க, கொட்டகையில் இருந்தவர்கள் வேலையைப் போட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்று சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறந்தாங்கிக்காரருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "மாஸ்டரம்மா, கோவிச்சுக்காதீங்க. காலையில பட்டின்னீங்க. இப்ப வைரங்கிறீங்க. எவ்வளவு கமிஷன் பேசியிருக்காக?" என்றார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இருபது வருஷத்தில் ஒருத்தர் என்னை அப்படிக் கேட்டதில்லை. "கமிஷனா? எனக்கா?" என்றேன். "அம்புட்டு நல்ல வண்டின்னா அந்த விலைக்கு நீங்களே வாங்குங்க பாப்போம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

"வாங்குறேன்யா!" என்று கட்டாகிப் போன போனில் கத்தினேன்.

கத்தின பிறகுதான் பை ஞாபகம் வந்தது. இரண்டு லட்சம். அதை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன். "மிச்சம் நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வரும். பட்டறையில இன்ஜினுக்கு நாள் சொல்லிருங்க" என்றேன். அவள் வாங்கிக்கொண்டு, "இம்புட்டு நேரம் நெஞ்சு அடைச்சுப்போய் நின்னேன்க்கா. உங்க மேல மண்ணள்ளித் தூத்தலாமான்னுகூட இருந்துச்சு" என்றாள். நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "தூத்தியிருக்கலாம்" என்றேன் நான்.

திருமயத்தில் டிரைவிங் ஸ்கூல் வைத்திருக்கிற ஒருவர் என் இரண்டாவது காரை ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் அதைக் கொண்டுபோய் விட்டேன். நல்ல வண்டி, எத்தனையோ பேர் கிளட்ச்சை மிதித்து மிதித்துப் பழகின வண்டி. சாவியைக் கொடுக்கும்போது கண் கலங்கியது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் கொடுத்தார், நேராக ஜெகதாப்பட்டினம் போய்விட்டேன். சாயங்காலமே இன்ஜின் வந்து இறங்கியது. காண்டசாவை நான் ஈ.சி.ஆர். ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தேன். ஓட்டினேன் என்றா சொன்னேன்? பறந்தேன். மீமிசல் வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன், எதிரில் வந்த லாரிக்காரர்கள் எல்லாம் கை காட்டினார்கள்.

தடை முடிந்து முதல் நாள் கடலுக்குப் போன படகுகள் மறுநாள் காலையில் கரைக்கு வந்தன. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. காண்டசாவை எடுத்துக்கொண்டு போய் நின்றேன். அவர்கள் படகு நாலாவதாக உள்ளே வந்தது, புது இன்ஜின் சீராக முனகிக்கொண்டு. கூடை கூடையாக இறால் இறங்கியது. படகுக்காரர் மேலே நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். ஏலம் கூவுகிற இடத்தில் தள்ளுமுள்ளு. அந்தப் பெண் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முதல் கூடைக்கு முன்னால் நிறுத்தினாள். மேலே பெரிய பெரிய இறால், பளபளவென்று.

"எங்க, விலை சொல்றவுக சொல்லுங்க. இது என்ன போகும்?" என்றாள். சுற்றி நின்ற அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் அன்றைக்குக் கொட்டகையில் இருந்தவர்கள்.

நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கீழே உட்கார்ந்தேன். "மொதல்ல கூடையைக் கவுத்துங்க" என்றேன்.