சத்தத்தை அமுக்க ஒரு டர்போ

காருக்கு ஏன் டர்போ போட்டீர்கள் என்று ஆபீஸில் கேட்பவர்களிடம் "பிக்கப் பத்தல" என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஐம்பதைத் தொட்டவன், முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய தாழ்வான காருக்குள் முனகியபடி இறங்குபவன், பிக்கப் பற்றிப் பேசினால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உண்மையைச் சொன்னால் சிரிக்க மாட்டார்கள். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

உண்மை இதுதான். அந்தக் காரில் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நான் செத்துப்போன ஒருவராக வந்துகொண்டிருந்தேன்.

ஊரை விட்டு வடக்கே வந்து நாங்கள் குடியிருக்கும் வானவடியில், எங்கள் கட்டடத்தின் முதல் மாடியில் இருக்கும் மேடத்திடமிருந்துதான் காரை வாங்கினேன். அவருடைய கணவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்க் குடும்பம்தான், கண்டோன்மென்ட் கண்டோன்மென்டாக வாழ்ந்ததில் பேச்சில் இந்தி கலந்துவிட்டது. அந்த மனிதர் மாலையானால் காரை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய்விட்டு வருவார். ஒரு நாள் காலையில் மட்டும் நடந்து போனார். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கார் கீழேயே நின்றது, தூசியும் புறா எச்சமுமாக.

"ஏஜென்டுக்குக் கொடுக்க மனசில்ல பையா," என்று மேடம் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "நீங்க எடுத்துக்கோங்க. இந்த பில்டிங்லயே இருக்கட்டும்."

நான் கோயம்புத்தூர்க்காரன். ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லும் நரம்பு எங்கள் ஊர் ஆட்களுக்குக் கிடையாது.

முதல் நாள் ஹடப்சரில் ஆபீஸ் முடிந்து அதில்தான் வந்தேன். கீழே தூண்களுக்கு நடுவில் நிறுத்தி எஞ்சினை அணைத்த கையோடு, மாடிப்படி வழியாக 'டக்' என்று ஒரு தாழ்ப்பாள் சத்தம் இறங்கி வந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி. ஏறும்போது மேடத்தின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்து இஞ்சி தட்டிப் போட்ட டீயின் வாசனை. வாசலில் நின்றவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"ஓ, நீங்களா."

"ஆமாங்க, நான்தான்," என்றேன், உயிரோடு இருப்பதற்கு மன்னிப்புக் கேட்கிற குரலில். கதவு சாத்திக்கொண்டது.

மறுநாளும் தாழ்ப்பாள், டீ, "ஓ, நீங்களா." அதற்கு அடுத்த நாளும். அவர் முகத்தில் அழுகையோ கோபமோ கிடையாது. பால்காரரை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தால் பேப்பர்காரர் நிற்கிறாரே, அந்த அளவு ஏமாற்றம்தான். அதுதான் என்னைக் கொன்றது. ஒப்பாரி வைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பயந்தவன் புத்தி எப்படி வேலை செய்யும் என்பதற்கு அடுத்து வந்த நாட்களே சாட்சி. நேரத்தை மாற்றி வந்தேன். தாழ்ப்பாளும் நேரத்தை மாற்றிக்கொண்டது. லிஃப்டில் போனேன், முதல் மாடியைத் தாண்டும்போது கம்பி ஜன்னல் வழியே அந்தத் திறந்த கதவு கீழே இறங்கிப் போவதைப் பார்த்து, படியே தேவலை என்று ஆனது. சைலன்சரை மாற்றினேன். அன்றைக்குக் கார் கேட்டுக்குள் நுழையும் முன்பே தாழ்ப்பாள் திறந்தது. மேடம் சைலன்சரைக் கேட்கவில்லை, எஞ்சினைக் கேட்கிறார் என்று புரிந்தது. கடைசியில் ஒரு நாள் தெருமுனையிலேயே அணைத்துவிட்டு, வாட்ச்மேனைக் கூட்டி வந்து இருவருமாகத் தள்ளிக்கொண்டு வந்தோம். அன்று கதவு திறக்கவில்லை. தினமும் காரைத் தள்ளுகிற வயது எனக்கும் இல்லை, வாட்ச்மேனுக்கும் இல்லை.

"நேரா போயிப் பேசுனா என்னங்க?" என்றாள் மனைவி.

"என்னன்னு பேசறது? உங்க வீட்டுக்காரர் வரலீங்க, நான்தான் வர்றேன்னா?"

"அது அவங்களுக்குத் தெரியாதாக்கும்."

தெரியும் என்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அப்போதுதான் ஹடப்சர் தொழிற்பேட்டையில் கராஜ் வைத்திருக்கும் ஊர்க்காரத் தம்பி ஒருவரிடம் போனேன். கார் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து, மீட்டிங் மீட்டிங்காக உட்கார முடியாமல் வேலையை விட்டவர். எஞ்சினின் சூடான புகை வெளியேறும் வேகத்தில் ஒரு குட்டிச் சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை அழுத்தி உள்ளே திணிக்கிற சாமான்தான் டர்போ என்பது எனக்கும் தெரியும். அந்தச் சக்கரம் புகையின் வழியில் குறுக்கே நிற்பதால் எஞ்சினின் இரைச்சலில் ஒரு பங்கை அதுவே விழுங்கிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். அந்த ஒரு வரிக்காகத்தான் போனேன்.

"எதுக்குங்ண்ணா டர்போ? ட்ராக்ல ஓட்டப் போறீங்ளா?"

"ஹடப்சர்ல இருந்து வானவடிக்கு."

"அந்த ரோட்டுல ஆம்புலன்ஸே மாட்டிட்டு நிக்குதுங்."

"பிக்கப் பத்தல."

அவர் என் முட்டி உறையைப் பார்த்தார். நல்ல பிள்ளை, பார்வையை எஞ்சின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது டர்போவுக்குன்னு செஞ்ச எஞ்சின் இல்லீங்ண்ணா. உள்ளுக்குள்ள அழுத்தம் ஏற்கெனவே சாஸ்தி. இதுல மேல மேல காத்தைத் திணிச்சா, தீப்பொறி வர்றதுக்கு முன்னாலயே பெட்ரோல் தானா வெடிக்கும். டிக் டிக்னு தட்டுற மாதிரிக் கேக்கும். கேட்டுட்டே ஓட்டுனீங்கன்னா பிஸ்டன் ஓட்டையாயிரும். அதனால மொதல்ல எஞ்சின் நல்லாருக்குதான்னு பாக்கோணும். அப்பறம் அழுத்தத்தைக் கொறைக்கறதுக்கு எஞ்சின் மூடிக்கு அடியில தடியான கேஸ்கெட் தகடு. பெட்ரோலைப் பீச்சறதுக்குப் பெரிய இன்ஜெக்டர், பம்ப், எஞ்சின் கம்ப்யூட்டரை மறுபடி எழுதறது. காத்தை ஆற வைக்கறதுக்கு முன்னால ஒரு கூலர். அது ரேடியேட்டரை மறைக்கும், மே மாசம் சிக்னல்ல நின்னா சூடு ஏறும். கிளட்ச் தாங்காது, பிரேக்கும் பத்தாது."

"சத்தம்?"

"அது கொஞ்சம் அமுங்கிரும். வேற மாதிரி ஆயிரும்."

"பழைய சத்தம் சுத்தமா போயிருமா?"

அவர் துணியில் கை துடைப்பதை நிறுத்தினார். "எல்லாரும் சத்தம் போயிருமோன்னு பயந்துட்டுக் கேப்பாங்க. நீங்க போகுமான்னு ஆசையா கேக்கறீங்."

ஆர்.டி.ஓ.விடம் காட்டாமல் எஞ்சினில் கை வைத்தால் என்ன ஆகும், இன்ஷூரன்ஸ்காரர்களிடம் சொல்லாமல் ஓட்டினால் என்ன ஆகும் என்று அவர் தொடர்ந்து சொன்னதற்கெல்லாம் தலையாட்டினேன். மருந்துக்கடையில் நிற்பவன் மாத்திரையின் கசப்பையா விசாரிப்பான்?

வேலை முடிய வெகு நாள் ஆனது. துரு ஏறிய போல்ட்டுகளோடு சேர்ந்து பழைய புகைக்குழாய் விரிசல் விட்டு உடைந்து, இரும்புக்கடைக்குப் போனது. காரை எடுத்து வந்த முதல் மாலை, எனக்கே அது வேறு யாருடைய காரோ போல இருந்தது. பழைய கரகரப்பு போய், போர்வைக்குள்ளிருந்து யாரோ இருமுவது போல ஒரு மொத்தையான ஒலி. மிதித்தால் மெல்லிய ஊளை. காலை எடுத்தால் ஒரு தும்மல். கூடவே புதுப் பயம் ஒன்று. வழி முழுக்க அந்த 'டிக் டிக்' கேட்டுக்கொண்டே வந்தது. ஓரமாக நிறுத்தி ஊர்க்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். அவர் போனிலேயே கேட்டுவிட்டு, "இண்டிகேட்டர் போட்டு வெச்சிருக்கீங்ண்ணா, அணைங்க," என்றார்.

பார்க்கிங்கில் நிறுத்தினேன். காத்திருந்தேன். தாழ்ப்பாள் திறக்கவில்லை.

படியேறினேன். மூடிய கதவு. டீ வாசனை இல்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இரண்டு சப்பாத்தி கூடுதலாகத் தின்றேன். மாதக்கணக்கில் பிணமாக வந்தவன் அன்றுதான் ஆளாக வந்து சேர்ந்திருந்தேன்.

சில நாட்கள் அப்படியே போயின. பிறகு ஒரு மாலை வந்தபோது மேடத்தின் கதவு ஏற்கெனவே திறந்திருந்தது. வாசலில் யாரும் இல்லை. உள்ளே விளக்கு எரிந்தது, டிவி அணைந்திருந்தது. மறுநாளும் அப்படியே. நான் வருவதற்கு முன்பே திறந்திருந்தது, போன பின்பும் திறந்தே இருந்தது. குப்பை கொட்டுகிற சாக்கில் இறங்கிப் பார்த்தேன். அப்போதும் திறந்திருந்தது.

மனைவிதான் விசாரித்து வந்தாள். வந்தவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மொத மாடி ஆன்ட்டி காது டாக்டருகிட்டப் போயிட்டு வந்துருக்காங்க."

"ஏன்?"

"சாயங்காலம் கார் வர்ற சத்தம் கேக்கறதில்லையாமா. காதுதான் போயிருச்சுன்னு பயந்துட்டாங்க. டாக்டர் பார்த்துட்டு காது நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு."

நான் கார் சாவியை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டேன்.

"'காது டீக், நல்லாத்தான் இருக்கு. அப்ப அவர்தான் வரலை'ன்னு சொல்றாங்க. எப்ப வர்றாருன்னு தெரியாததுனால கதவைத் தொறந்தே வெச்சிருக்காங்களாமா. நேத்து தெரு நாய் ஒண்ணு உள்ள போயி சோபால படுத்துட்டு இருந்துச்சாம். தனியா இருக்கறவங்க. நீங்க பண்ணுன வேலைதான் இது."

அதுவரை கதவு ஒரு நொடி திறந்து மூடிக்கொண்டிருந்தது. அதை மூடவே முடியாதபடி செய்துவிட்டேன். அதற்கு எஞ்சினியரிங் உதவி வேறு.

காலையில் முதல் வேலையாகக் கராஜுக்கு ஓடினேன். "கழட்டிரு தம்பி. எல்லாத்தையும் கழட்டிப் பழையபடி ஆக்கிக் குடுத்துரு."

"கழட்டலாமுங்ண்ணா. ஆனா பழைய பைப் ஒடஞ்சுபோச்சு. கேஸ்கெட்டும் வேற. வேற பைப்பைப் போட்டா வேற சத்தந்தான் வரும். அதே சத்தம்னா..." உதட்டைப் பிதுக்கினார். "என்ன ஆச்சுங்?"

அவரிடம் சொன்னேன். சொல்லிவிட்டு, நாற்காலியைத் தள்ளிப் போடுவார் என்று பார்த்தேன். அவர் டீ சொன்னார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, "வண்டியை ஒரு மணி நேரம் விட்டுட்டுப் போங்க," என்றார். "நிறுத்துன உடனே அணைச்சா டர்போவுக்குள்ள எண்ணெய் கருகிரும், கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு அணைக்கோணும்னு சொன்னேன்ல. நீங்க அதுக்கு வண்டிக்குள்ளயே உக்காந்து பயந்துட்டு இருப்பீங்க. ஒரு டைமர் போட்டுடறேன். சாவியை எடுத்துட்டு, பூட்டிட்டுப் போயிருங்க. அதுவா கொஞ்ச நேரம் ஓடி அதுவா நிக்கும்."

வேறு எதையும் சரிசெய்ய முடியாதவர் தன்னால் முடிந்ததைச் செய்தார். நானும் சரி என்றேன்.

அன்று மாலை நிறுத்தி, சாவியை உருவி, பூட்டினேன். ஆள் இல்லாத கார் ஓடிக்கொண்டிருந்தது. மேடத்திடம் என்ன சொல்வது என்று படிக்குப் படி ஒரு வாக்கியம் தயாரித்தேன். அடுத்த படியில் அதை அடித்தேன். கதவு திறந்துதான் இருந்தது. மணியை அழுத்தினேன்.

வந்தார். நன்றாக மெலிந்திருந்தார்.

"ஓ, நீங்களா."

"மேடம், உங்க காதுல ஒண்ணுமில்லைங்க. காருக்கு டர்போன்னு ஒண்ணு போட்டேன். அதுல சத்தம் மாறிப்போச்சு. நான் தினமும் வந்துட்டுத்தான் இருக்கேன். வண்டியும் தினமும் வந்துட்டுத்தான் இருக்குதுங்க." உளறினேன். "வண்டி வரலைன்னு மட்டும் நினைச்சுக்காதீங்க."

அவர் தலையைச் சாய்த்து மாடிப்படிப் பக்கம் கேட்டார். கீழேயிருந்து அந்தப் போர்வைக்குள் இருமல் வந்துகொண்டிருந்தது.

"இதுதான் நம்ம வண்டியா?"

"ஆமாங்க."

"நீங்க இங்க நிக்கறீங்க," என்றார் மெதுவாக. "கீழ வண்டியில யாரு இருக்கா?"

டைமரைப் பற்றி, கருகும் எண்ணெயைப் பற்றி, எல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன்.

அதற்குள் எஞ்சின் தானாக நின்றது.

மேடம் அசையவில்லை. கார் கதவு சாத்தி, படியேறி வர ஒரு மனிதருக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் அப்படியே நின்றார். பிறகு நிலைப்படியில் ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். ஆபீஸ் முழுக்கச் சிரிக்க வைக்கிறவன் என்று பேரெடுத்த நானும், யாரும் சொல்லாமலே, சுவரோடு ஒட்டிக்கொண்டு வயிற்றை உள்ளே இழுத்தேன்.

"அச்சா," என்று மேடம், உள்ளே போனவருக்குச் சரி சொல்வது போல, வீட்டுக்குள் பார்த்துச் சொன்னார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.