ஜெஞ்சாரோமிலிருந்து வந்த கவர்கள்

நிலச் சட்டத்தில் நான் இரண்டு தடவை தோற்றிருந்தேன். மூன்றாம் தடவையும் தோற்றால் அதுவரை தேறிய பாடங்களும் சேர்ந்து போய்விடும், பட்டம் கிடையாது என்பது விதி. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் சட்டப் பட்டம் அது. வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம், பரீட்சைக்கு மட்டும் போய் உட்கார்ந்தால் போதும். எண்பதுகளில் கோலாலம்பூரில் என்னைப் போல எத்தனையோ பேர் அப்படிப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அப்போது எனக்கு ஒருத்தரையும் தெரியாது.

பகலில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பதினோரு வருஷமாக மற்றவர்கள் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டிருந்தேன். நேற்று கல்லூரியை விட்டு வந்த பையன்கள் டை கட்டிக்கொண்டு வந்து என் மேஜைமேல் காகிதத்தைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் சீக்கிரம் அக்கா" என்பார்கள். அதில் உள்ள தப்புகளைச் சத்தமில்லாமல் திருத்தி அடித்துக் கொடுப்பேன். டைப்பிஸ்டாகவே கிழவியாகிவிடக் கூடாது என்ற ஒரே வைராக்கியம்தான் என்னைப் படிக்க வைத்தது. பெரிய லட்சியம் என்றெல்லாம் அளக்க மாட்டேன்.

நகரத்துக்குள்ளேயே பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு ஆன்டி வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். அம்மா வடக்கே தைப்பிங்கில் அண்ணன் வீட்டில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆன்டி மெத்தடிஸ்ட் கோயிலுக்குப் போய்விடுவார். தெருவில் எல்லாரும் பிள்ளைகளோடு எங்கேயோ போவார்கள். மெஸ்ஸில் இலை போடுகிறவர் கேட்காமலேயே என்னை ஓரத்து மேஜைக்குக் கை காட்டுவார். சனிக்கிழமை மத்தியானம் ஆபீசை விட்டு வந்தால் திங்கள் காலை வரை என் குரலை நானே கேட்காத வாரங்கள் உண்டு.

இரண்டாம் தடவை தோற்ற பிறகு ஒரு தபால்வழிக் கல்லூரியில் சேர்ந்தேன். பேப்பரில் பெரிதாக விளம்பரம் போட்டிருந்தான்: பாடக் குறிப்புகள் வீடு தேடி வரும், மாதம் இரண்டு கட்டுரை எழுதி அனுப்பலாம், அனுபவமிக்க வழக்கறிஞர்கள் திருத்தித் தருவார்கள். குறிப்புகள் வந்தன. மை அப்பி, பாதி எழுத்து தெரியாமல், பக்கம் மாறி. சரி, கட்டுரையையாவது ஒழுங்காகத் திருத்துவார்கள் என்று ராத்தூக்கம் கெட்டு எழுதி அனுப்பினேன். ஒவ்வொன்றும் பக்கத்துக்கு ஒரு டிக்கோடு திரும்பி வந்தது. அடியில் அறுபத்திரண்டு. அடுத்ததற்கு அறுபத்து மூன்று. பிறகும் அறுபத்திரண்டு.

எனக்குச் சந்தேகம் வந்தது. அடுத்த கட்டுரையில், குத்தகைக்காரனின் உரிமைகளைப் பற்றிய மூன்றாம் பக்கத்தின் நடுவில், எங்கள் ஆன்டியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் குளியலறையில் தண்ணீர் திறக்கக் கூடாது என்கிறார், என் சோப்பை எடுத்துத் துணி துவைக்கிறார், கேட்டால் பைபிளைத் திறந்து வைத்துக்கொள்கிறார் என்று சுத்தமான ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். பத்து நாளில் திரும்பி வந்தது. அந்தப் பத்திக்குப் பக்கத்தில் ஒரு டிக். 'நன்றாக வாதிட்டிருக்கிறீர்கள்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மொத்தம் அறுபத்து நான்கு.

முதலில் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்தது. ஏழு மாதமாக நான் எழுதியதை ஒரு ஜீவன்கூடப் படிக்கவில்லையே!

அடுத்த சனிக்கிழமை நேரே அந்தக் கல்லூரிக்கே போனேன். கல்லூரி என்றால் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த ஒற்றை அறை. உள்ளே ஒரு பெண் கடையிலிருந்து தபாவ் பண்ணிப் பொட்டலமாகக் கொண்டுவந்த மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். இருபது வயசு இருந்தால் அதிகம்.

"சார் இருக்காரா?"

"சார் சிரம்பான்ல இருக்காரு லா அக்கா. மாசம் ஒரு தடவைதான் வருவாரு."

"அப்ப என் பேப்பரைத் திருத்துறது யாரு?"

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "நான்தான்."

"நீ சட்டம் படிச்சிருக்கியா?"

"ஃபார்ம் ஃபைவ் அக்கா, பள்ளிக்கூடத்தோட சரி. கையெழுத்து நல்லா இருந்தா அறுபதுக்கு மேல போடச் சொல்லியிருக்காரு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க கையெழுத்து ரொம்ப அழகு" என்றாள்.

கத்தத்தான் போயிருந்தேன். ஆனால் இவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது? நிலச் சட்டத்துக்கு வேறு யார் யார் எழுதுகிறார்கள் என்று மட்டும் கேட்டேன். ரெஜிஸ்டரைப் புரட்டி, என்னைத் தவிர ஆறு பேர் என்றாள். சாருக்குச் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சிக்கொண்டே ஆறு விலாசங்களையும் எழுதிக் கொடுத்தாள்.

அதற்கு முன்பே நான் வேறு வழிகள் தேடாமல் இல்லை. எங்கள் ஆபீசின் பெரிய வக்கீலிடம் கேட்டேன். கோர்ட் முடிந்து வாருங்கள் என்றார். அவருக்குக் கோர்ட் முடியவே இல்லை. பல்கலைக்கழகத்தில் ஒரு சாயங்கால வகுப்பில் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். மூன்றாவது வாரம் பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு அழைத்தார்கள், அதில் என் பெயர் ஏது, எழுந்து வந்துவிட்டேன். நூலகத்தில் புத்தகங்கள் கிடைத்தன. ஆனால் படிப்பது எனக்குச் சிக்கலே இல்லை. எழுதுவதில் எங்கே கோட்டை விடுகிறேன் என்று சொல்ல ஆள் வேண்டும். இரண்டு தடவையும் எல்லாம் தெரிந்துதான் தோற்றேன்.

ஆறு பேருக்கும் ஒரே கடிதம் எழுதினேன். கல்லூரியின் லட்சணத்தைச் சொல்லி, ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தேன். நான்கு பேர் பதிலே போடவில்லை. ஒருவர் படிப்பை விட்டாயிற்று, தொந்தரவு செய்யாதீர்கள் என்று எழுதினார். ஆறாவது கடிதம் ஜெஞ்சாரோமிலிருந்து வந்தது, கிள்ளானைத் தாண்டிப் பந்திங் போகிற வழியில் இருக்கிற சின்ன ஊர். எழுதியவள் ஒரு பெண். 'நானும் தனியாகத்தான் படிக்கிறேன். அனுப்புங்கள்' என்று இரண்டே வரி.

அனுப்பினேன். ஒரு வாரத்தில் என் கட்டுரை திரும்பி வந்தபோது பக்கத்தில் வெள்ளை இடமே இல்லை. பச்சை மையில், தமிழில், பொடி எழுத்தில் ஓரமெல்லாம் எழுதியிருந்தாள். 'வழக்கின் பெயரைச் சொன்னால் ஆயிற்றா? தீர்ப்பு ஏன் அப்படி வந்தது?' 'இந்தப் பக்கம் முழுக்கக் கேள்விக்குச் சம்பந்தமில்லை. தெரிந்ததையெல்லாம் கொட்டுகிறீர்கள்.' 'நீதிபதி சொன்னது இருக்கட்டும், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' கடைசியில் ஒரு குறிப்பு: 'கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆங்கிலத்தில் எனக்குத் திட்ட வராது, அதனால்தான் தமிழில்.'

எனக்குக் கோபம் வரத்தான் செய்தது. இவள் யார் என்னைச் சொல்ல? இரண்டு நாள் அந்தக் காகிதத்தைத் தொடவில்லை. மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் அவள் சொன்னது அத்தனையும் சரி. தெரிந்ததையெல்லாம் கொட்டிக் கொட்டித்தான் இரண்டு தடவையும் தோற்றிருக்கிறேன்!

அதிலிருந்து வாரம் ஒரு கட்டுரை. திங்கள் காலை ஆபீசுக்குப் போகும் வழியில் தபாலில் போடுவேன். அடுத்த வாரம் வியாழன் அல்லது வெள்ளி ஆன்டி கவரைக் கதவிடுக்கில் தள்ளிவிட்டிருப்பார். வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பிரிப்பேன். திட்டுகளுக்கு நடுவே சில சமயம் வேறு ஏதாவது இருக்கும். 'மூன்று நாளாக மழை, சாலையெல்லாம் தண்ணீர்.' 'அப்பா இன்று ஒரு இட்லி முழுசாகச் சாப்பிட்டார்.' அவள் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்தார், அவள் மில் வேலையை விட்டுவிட்டுக் கூட இருந்து பார்த்துக்கொண்டாள் என்பதெல்லாம் இப்படித் துண்டு துண்டாகத் தெரிந்ததுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த வருஷம் என்னோடு பேசிய ஒரே மனுஷி அவள்தான்.

ஆரம்பத்தில் அவளும் தன் கட்டுரைகளைத் தனிக் கவர்களில் அனுப்பினாள். ஒப்பந்தம் அதுதானே. முதல் கவரைப் பிரித்தேன். ஒன்பது பக்கம், நெருக்கி எழுதியிருந்தாள். நம் கட்டுரையை முடித்துவிட்டு நிதானமாகப் பார்ப்போம் என்று அலமாரியின் அடித்தட்டில் வைத்தேன். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது. அவற்றைப் பிரிக்கவில்லை. எனக்குக் கடைசி வாய்ப்பு, அவளுக்கு இதுதானே முதல் தடவை என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அனுப்பவும் இல்லை. என்னுடையது மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. அதில் ஏதும் விசித்திரமாக எனக்குப் படவே இல்லை.

பரீட்சைக்கு முந்தின வாரம் 'பதறாமல் எழுதுங்கள், கேள்வியை இரண்டு தடவை படியுங்கள்' என்று எழுதியிருந்தாள். பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பெண்ணையும் பார்த்து இவளா, அவளா என்று தேடினேன். முகம் தெரியாதே. மணி அடித்ததும் எல்லாம் மறந்துவிட்டது. கேள்வியை இரண்டு தடவை படித்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் எழுதினேன்.

தேறிவிட்டேன். முடிவுத் தாள் வந்த அன்று அறையில் நின்றுகொண்டு யாரிடம் சொல்வது என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். ஆன்டியிடம் சொன்னேன், "குட், குட், காட் இஸ் கிரேட்" என்றபடி கோழியை வெட்டிக்கொண்டிருந்தார். கடிதம் எழுத மனசு வரவில்லை, நேரில் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னை வாங்கிக்கொண்டு கிள்ளான் பஸ் ஏறி, கிள்ளானில் பந்திங் பஸ் மாறி, ஜெஞ்சாரோமில் இறங்கி விசாரித்துக்கொண்டு போனேன். எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனைத் தோட்டத்தை ஒட்டித் தகரக் கூரை வீடு. துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்ததும் யாரென்று சொல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டாள்.

"பாஸா?"

"பாஸ்!"

ஈரக் கையோடு வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவளாக இருப்பாள். "எனக்குத் தெரியும் அக்கா, கடைசி நாலு கட்டுரைல நான் திட்டவே இடம் குடுக்கலையே நீங்க" என்றாள். உள்ளே அழைத்துப்போய் அப்பாவிடம், "நான் சொன்னேன்ல, அந்த பிரிக்ஃபீல்ட்ஸ் அக்கா" என்றாள். அவர் ஒரு பக்கத்து வாயால் சிரித்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் கிள்ளான் நூலகத்து முத்திரை போட்ட நிலச் சட்டப் புத்தகங்கள் மூன்று இருந்தன.

தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அப்போதுதான் கேட்டேன். "ஒங்க ரிசல்ட் என்ன ஆச்சு?"

"நான் எங்கக்கா எழுதினேன்? பதிஞ்சுக்கவே இல்லையே."

"ஏன்?"

"மூணு கட்டுரை அனுப்பினேன், ஞாபகம் இருக்கா? நீங்க ஒண்ணும் சொல்லல. இவ்ளோ தெரிஞ்சவங்க ஒரு வார்த்தகூட எழுதலன்னா, படிக்கவே தாங்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன். மனசு நோகக் கூடாதுன்னு சும்மா இருக்கீங்கன்னு." குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "சரி, நமக்கு இது வராது, அவங்களாச்சும் பாஸ் பண்ணட்டும்னு விட்டுட்டேன். ஆனா ஒங்க கவர் வர்றது நல்லா இருந்துச்சுக்கா. இங்க யாரு எனக்குக் கவர் போடறா?"

படிக்கவில்லை, இரண்டைப் பிரிக்கக்கூட இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். என் வாய் வேறு எதையோ சொல்லிற்று.

"எனக்கு ஒண்ணுமே வரலையே. தபால்ல தொலஞ்சிருச்சு போல."

அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. "அப்ப நீங்க படிக்கவே இல்லையா? ஐயோ, நான் மோசமா எழுதிட்டேன்னுல்ல நெனச்சேன்!" என்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "இன்னொரு காப்பி எழுதி வச்சுக்கலையே அக்கா. வச்சிருந்தா இப்பவே காட்டியிருப்பேன்."

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து மூன்றையும் எடுத்துப் படித்தேன். என்னுடையதைவிட நன்றாக இருந்தன. கொஞ்சம் நன்றாக அல்ல, எட்டிப் பிடிக்க முடியாத அளவுக்கு. அவள் பரீட்சைக்குப் போயிருந்தால் படுத்துக்கொண்டே தேறியிருப்பாள்.

ஒரு வாரம் உட்கார்ந்து, வரிக்கு வரி, பக்கத்தில் இடமில்லாமல் குறிப்பு எழுதினேன். குறை என்று எழுத அதிகம் இல்லை, ஏன் நன்றாக இருக்கிறது என்றுதான் எழுத வேண்டியிருந்தது. கூடவே ஒரு கடிதம். தபாலில் தொலையவில்லை, என் அலமாரியில்தான் இருந்தன, நான் பொய் சொன்னேன், அடுத்த வருஷத்துக்குப் பதிந்துகொள்ளுங்கள், நான் ஒவ்வொன்றையும் படிக்கிறேன் என்று மறைக்காமல் எழுதினேன். திங்கள் காலை தபாலில் போட்டேன்.

அடுத்த வார வியாழன் ஒன்றும் வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு கடிதம் போட்டேன். அதற்கும் பதில் இல்லை, திரும்பியும் வரவில்லை. மறுபடி ஜெஞ்சாரோம் பஸ் ஏற எனக்குத் தைரியம் வரவில்லை. இரண்டையும் அவள் படித்திருப்பாள். கவரைப் பிரிக்காமல் போட்டுவைக்கிற ஆள் நான்தானே, அவள் இல்லை. என்னிடம் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.